உப்புப் போடாத ஐஸ்

சென்னை
5-6-1955

அன்புத் தம்பி சவேரியாருக்கு அக்கா அற்புதம்மாள் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் எனக்குத் தலைவலி காய்ச்சல் ஒன்றும் இல்லை. அம்மாவின் முட்டுவலி எப்படி, உன் மனைவி செபஸ்தியம்மாள் உடம்பு எப்படி, உனக்குக் கடல் எப்படி என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன தடவை மாதிரி "எல்லாரும் சுகம்" என்று மூட்டை கட்டி அனுப்பினால் அடுத்த ரயிலில் வந்து காதைத் திருகுவேன்.

ஒரு சேதி. என்னை ஆஸ்பத்திரி வார்டு வேலையிலிருந்து எடுத்து ரத்தம் சோதிக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். வந்த மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டு, "அற்புதம், இந்தப் பூதக்கண்ணாடியில கண்ணை வச்சுப் பாரு" என்றார். ஒரு ஆளின் புண்ணிலிருந்து எடுத்த ஒரு சொட்டு நீர்தான் அடியில் இருந்தது. முதலில் ஒரே இருட்டு. அப்புறம் தெரிந்தது. வெள்ளி நூல் ஒன்று, சுருள் சுருளாக, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு இருட்டுக்குள் நீந்திப் போகிறது. அதன் பின்னால் இன்னொன்று. அமாவாசைக்குக் கடலில் துடுப்புப் போட்டால் தண்ணீருக்குள் வெளிச்சம் சிதறுமே, அதுதான் ஞாபகம் வந்தது. என்னை அறியாமல் "சேசுவே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இத்தனை அழகான ஒன்று இத்தனை பொல்லாததாக இருக்குமா தம்பி?

அதுதான் மேகப்புண். நம் கரையில் பறங்கிப்புண் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அது. அரண்மனையில் இருப்பவனுக்கும் ஓலை வீட்டில் இருப்பவனுக்கும் ஒரே நூல்தான் என்கிறார் டாக்டரம்மா. அதைவிடப் பெரிய அதிசயம், மறுநாள் அதே ஆளிடம் எடுத்த சொட்டில் ஒரு நூல்கூட இல்லை. ஒரே ஒரு பெனிசிலின் ஊசி போட்டிருந்தார்கள். பழைய ரொட்டியில் பூஞ்சணம் பூக்கிறதே, அந்த இனத்திலிருந்து எடுத்த மருந்தாம். நாம் கழுவிக் கொட்டும் குப்பைக்குள் கர்த்தர் எதை ஒளித்து வைத்திருக்கிறார் பார்.

இதை அப்படியே செபஸ்தியம்மாளுக்கு வாசித்துக் காட்டு. படிக்கத் தெரியாதவள் என்றாலும் இந்த மாதிரி அதிசயத்தைக் கேட்டால் அவள் கண் விரியும்.

இப்படிக்கு, உன் அக்கா
அற்புதம்மாள்


பாம்பன்
19-6-1955

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சவேரியார் எழுதுவது.

காதைத் திருகுவாய் என்று பயந்து தனித்தனியாக எழுதுகிறேன். அம்மா முட்டுக்கு வேப்பெண்ணெய் போட்டுத் தேய்த்து வீடே நாறுகிறது. எனக்குக் கடல் பரவாயில்லை. சீலா மீன் கொஞ்சம், மீதியெல்லாம் விலை போகாத காரல். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மூன்று வருஷத்தில்கூட முதுகு இப்படி வலித்ததில்லை.

செபஸ்தியம்மாளுக்கு மூன்று மாதம்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். முதலாவது ஏழாம் மாதத்தில் செத்தே பிறந்தது. அடுத்தது எட்டில். இரண்டுக்கும் ஞானஸ்நானம் இல்லாததால் கல்லறை மதிலுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. மூன்றாவது பதினோரு நாள் இருந்ததால் மதிலுக்கு உள்ளே போனது. அம்மா சந்தியாகப்பர் கோவிலுக்கு நேர்ந்திருக்கிறாள். அவள் வாயும் சும்மா இருப்பதில்லை. "பிள்ளை தங்காத வயிறு" என்று நேற்றும் சொன்னாள். இவள் கேட்டுக்கொண்டே மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

உன் கடுதாசியை வாசித்துக் காட்டினேன். ஆச்சரியப்பட்டாள்.

அப்புறம் அக்கா, என்னோடு வலை இழுக்கும் ஒருத்தன் கேட்கச் சொன்னான். புண் தானாக ஆறிவிட்டால் அந்த நூலும் செத்துப் போய்விடும்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி சவேரியார்


சென்னை
27-6-1955

அன்புத் தம்பிக்கு,

எனக்குக் குறையில்லை. செபஸ்தியம்மாளைப் பாரம் தூக்கவிடாதே. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல், நேர்த்தியும் வேப்பெண்ணெயும் போதும், வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கட்டும்.

உன்னோடு வலை இழுப்பவனுக்குப் பதில்: சாகாது. புண் ஆறிவிடும், வடுகூடத் தெரியாது. நூல் ரத்தத்துக்குள் இறங்கிவிடும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். ஆள் உலக்கை மாதிரி திடமாக இருப்பான். அவன் பெண்டாட்டிக்குப் போகும், அவளுக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். அங்கேதான் தெரியும்.

போன வாரம் டாக்டரம்மா பாடம் எடுத்தார். "இந்த நோய் இருக்கிற தாய்க்கு முதல் பிள்ளை ஏழு மாசத்துல போகும், அடுத்தது எட்டுல, அதுக்கடுத்தது உசிரோட பிறந்து சில நாள்ல போகும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தோல் உரியும், மூக்கடைச்சுப் பால் குடிக்க முடியாது" என்றார். நம் வீட்டுக்குள் நின்று பார்த்தவர் மாதிரிச் சொன்னார் தம்பி. என் கையிலிருந்த கண்ணாடிக் குழாய் கீழே விழுந்து உடைந்தது. மூன்றாவது பிள்ளைக்கு உள்ளங்கால் உரிந்ததையும் மூக்கு கர்கர் என்றதையும் அன்றைக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

வலை இழுப்பவன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

செய்ய வேண்டியது இது. டாக்டரம்மாவின் சீட்டு உள்ளே இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அங்குள்ள கம்பவுண்டரிடம் ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் கொடுங்கள். குழாயை மரத்தூளில் பொதிந்து ஐஸ் பெட்டியில் வைத்து, பக்கத்து வீட்டு சதக்கிடம் கொடுத்து போட் மெயில் ரயிலில் ஏற்றச் சொல். ஸ்டேஷனில் போர்ட்டராக இருக்கிற மனுஷன், பத்திரமாக ஏற்றுவார். மறுநாள் காலை எழும்பூரில் நான் நிற்பேன். முக்கியம்: ஐஸ் மட்டும்தான், உப்பு ஒரு கல்கூடப் போடக்கூடாது. மீனுக்குப் போடுகிற மாதிரி உப்புப் போட்டால் குளிர் கூடி ரத்தம் கட்டியாக உறைந்து உடைந்துபோகும், சோதிக்க முடியாது. ஏழாம் மாதத்துக்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் இந்தப் பிள்ளை தப்பிக்கும். அக்டோபர் வரைக்கும் நமக்குக் காலம்.

ஒரு வரி விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டு.

அக்கா


பாம்பன்
14-8-1955

அக்காளுக்குத் தம்பி எழுதுவது.

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கச்சான் காற்று விடாமல் அடித்ததில் வலையெல்லாம் கிழிந்து, கரையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டே விரல் தேய்ந்தது. அம்மா சுகம். செபஸ்தியம்மாளுக்கு ஐந்து மாதம், புளிப்பு மாங்காய் கேட்கிறாள். நடுவில் வந்த கார்டில் உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், சுக்குத் தண்ணீர் குடி.

இன்று பெட்டியை ஏற்றிவிட்டேன். குழாய் ஒன்றுதான், செபஸ்தியம்மாளுடையது. கம்பவுண்டரிடம் சுத்தமான குழாய் ஒன்றுதான் இருந்தது. என்னுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கென்ன, நான் திடமாகத்தான் இருக்கிறேன்.

தம்பி


சென்னை
16-8-1955

ஏன்டா சவேரி,

ரத்தம் அனுப்பச் சொன்னேனா, கருவாடு போடச் சொன்னேனா? எழும்பூரில் பெட்டியைத் திறந்தேன். மேலே கல்லுப்பு. நடுவிலே கல்லுப்பு. அடியிலே கல்லுப்பு. சுற்றி நின்ற நாலு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். குழாய்க்குள் ரத்தம் செங்கல்லாட்டம் உறைந்து, உருகியதும் சாயத் தண்ணீராகப் போயிற்று. டாக்டரம்மா திட்டவில்லை. "மீன் கெடக்கூடாதுன்னு அக்கறையா அடுக்கியிருக்காங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவ்வளவு தெளிவாக எழுதியும் எப்படி விட்டாய்? சரி, போனது போகட்டும். இந்த வாரமே இன்னொரு தடவை எடுத்து அனுப்பு. இரண்டு குழாய். சுத்தமான குழாய்கள் நானே அனுப்பியிருக்கிறேன், அந்தச் சாக்கும் இனி இல்லை.

செபஸ்தியம்மாளுக்கு மாங்காய் வாங்கிக் கொடு. என் இருமல் நின்றுவிட்டது.

அக்கா


பாம்பன்
18-9-1955

அக்காளுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்காக அம்மா செபமாலை சொல்கிறாள்.

ரத்தம் வீணாய்ப் போனதே ஒரு அடையாளமோ என்று தோன்றுகிறது. ஆண்டவர் சித்தம் எதுவோ அது நடக்கும். ஊரில் கம்பவுண்டர் வாயும் சும்மா இருக்காது, எதற்கு ரத்தம் என்று நாலு பேர் கேட்பார்கள். அம்மாவின் நேர்த்தி இருக்கிறது. நீ இதோடு விட்டுவிடு.

தம்பி சவேரியார்


பாம்பன்
2-10-1955

என் அன்பான மதினிக்கு, செபஸ்தியம்மாள் சொல்ல, பக்கத்து வீட்டு சதக் அவர்களின் பெண்சாதி மலிகா எழுதுவது.

மதினி, உங்களுக்கு நான் அனுப்பும் முதல் கடுதாசி இதுதான். இதுவரை நான் சொன்னதாக வந்த விசாரிப்பெல்லாம் அவர் எழுதியது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குக் கால் வீக்கம், மற்றபடி தெம்பாக இருக்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர எண்ணத் தெரியும். உங்கள் கடுதாசி நாலு பக்கம் வருகிறது. அவர் நாலு வார்த்தையில் வாசித்து முடித்துவிடுகிறார். "அக்கா சுகமாம். உன்னைக் கேட்டாளாம்" என்பார், தாளை மடித்துவிடுவார். மாவாட்டும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர் கடலுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து மலிகாவிடம் கொடுத்தேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாசித்தாள்.

எல்லாம் கேட்டேன் மதினி. வெள்ளி நூலைக் கேட்டேன். ஏழு, எட்டு, பதினோரு நாள், அதையும் கேட்டேன். உள்ளங்கால் உரிந்ததைக் கேட்டபோது எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "இன்னொரு தடவ வாசி தாயி" என்றேன்.

அந்த உப்பை நான்தான் போட்டேன். ஆறு வயதிலிருந்து ஐஸ் பெட்டி அடுக்குகிறவள் நான். உப்பில்லாமல் ஐஸ் அடுக்கினால் என் கையே ஒத்துக்கொள்ளாது. போடாதே என்று நீங்கள் எழுதியது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். நான் ஒவ்வொரு பிடியாகப் போட்டபோது அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். "போதுமா?" என்றுகூடக் கேட்டேன். "போதும்" என்றார்.

இது ஏழாம் மாதம். பிள்ளை உதைக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? அதை மட்டும் எழுதுங்கள். மலிகா பேருக்கு எழுதுங்கள்.

செபஸ்தியம்மாள்

இது மலிகா: எழுதக் கை கூசியது அக்கா, ஆனாலும் எழுதிவிட்டேன். என் தங்கச்சிக்கும் இரண்டு பிள்ளை தங்கவில்லை. அது கண்ணேறு என்று ஓதி ஊதிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.


சென்னை
6-10-1955

சவேரி,

மலிகாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இது உனக்கு.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு இந்தத் தாள் போதாது. கொழும்பில் நீ என்ன செய்தாய் என்பது எனக்கு வேண்டாம். அதைப் பங்குச் சாமியாரிடம் சொல், அவர் மன்னிப்பார். இந்த நூல் மன்னிக்காது. உப்பை நீ போடவில்லை, சரிதான். நின்று பார்த்தாய். அம்மா அவளைப் பேசும்போதும் அப்படித்தான் நின்று பார்த்தாய். "பிள்ளை தங்காத வயிறு" என்ற சொல் நாலு வருஷமாக உன் கணக்கில் அவள் வாங்கிய அடி.

ஊசிக்கா பயப்படுகிறாய்? கடலில் சுறாவை வெறுங்கையால் இழுத்தவன் நீ. உனக்கு அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயம். எனக்குத் தெரியும், நீ கெட்டவன் இல்லை. அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். இங்கே ஒரு பெண். நாலு பிள்ளை இழந்தவள். ஏழாம் மாதத்தில்தான் வந்தாள், புருஷனோடு. இரண்டு பேருக்கும் ஊசி போட்டார்கள். முந்தாநாள் பெற்றாள். சேதி கேட்டு நான் பிரசவ வார்டுக்கு ஓடினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பிள்ளையின் காலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், வெண்ணெய் மாதிரி. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்துப் பெற்றவளே பயந்துவிட்டாள். நாலு பிள்ளையைக் கொன்ற ஒன்றை ஒரு சீசா மருந்து நிறுத்திவிட்டது சவேரி. உலகம் தோன்றியதிலிருந்து எத்தனை கோடித் தாய்மார் தங்கள் வயிற்றையே திட்டிக்கொண்டு செத்திருப்பார்கள்! நம் காலத்தில், நம் கண்ணுக்கு முன்னால் இது வந்திருக்கிறது. நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

இனிச் சோதனைக்குக் காத்திருக்க நேரமில்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா எழுதிவிட்டார், மருந்தும் போய்விட்டது. நீ எனக்குத் தேதி எழுது. தேதியைத் தவிர வேறெதுவும் எழுத வேண்டாம்.

அற்புதம்


பாம்பன்
12-10-1955

17-10-1955, திங்கட்கிழமை, காலை ரயில். இரண்டு பேரும்.

தேதி மட்டும் எழுதச் சொன்னாய். இன்னும் ஒரு வரி எழுதிக்கொள்கிறேன். என்னோடு வலை இழுப்பவன் என்று யாரும் இல்லை.

சவேரி


பாம்பன்
20-11-1955

அன்பு மதினிக்கு, செபஸ்தியம்மாள் சொல்ல மலிகா எழுதுவது.

கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய போர்வை வந்தது. சென்னையில் மழை என்று பேப்பரில் போட்டிருக்கிறதாம், நனையாதீர்கள்.

அன்றைக்கு ரயில் பாலத்தின் நடுவில் போகும்போதுதான் அவர் வாயைத் திறந்தார். இறங்கி ஓட முடியாத இடமாகப் பார்த்திருக்கிறார். கீழே கடல், சக்கரம் ஒவ்வொரு கட்டையாகத் தட்டித் தட்டிப் போகிறது. "செபஸ்தி, அது என்கிட்ட இருந்துதான் வந்துச்சு. கொழும்புல. ஒரு புண்ணு வந்துச்சு, ஆறிப்போச்சு, அத்தோட விட்டுட்டேன். மூணும் என்னாலதான் போச்சு" என்றார். எனக்கு முன்னமே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது கோபம் தலைக்கேறியது மதினி. ரயில் என்றும் பார்க்கவில்லை.

"ஒங்க ஆத்தா என்னைப் பிள்ளை தின்னின்னு சொன்னப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஸ்டேஷன் மண்டபத்தில் வண்டி நின்றதும் சொன்னேன்: "ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போனதும் ஒங்க ஆத்தாகிட்ட நீங்களே சொல்லணும். சொல்ற வரைக்கும் ஒங்களுக்கு நான் சோறு போட மாட்டேன்."

ஊசி எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரயிலில் போய் வந்தோம். மருந்து வெள்ளையாக, மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரிக் கட்டியாக இருக்கிறது, இறங்குவதற்குள் உயிர் போய் வருகிறது. பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் படுத்தோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா, "பிள்ளைத்தாச்சி அவங்களா நீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கிறபோது சிரிப்பு வரக்கூடாது, வந்துவிட்டது.

அத்தையிடம் மூன்றாம் நாள் சொன்னார். இரண்டு நாள் ஓட்டலில் இட்லி தின்று பார்த்தார், முடியவில்லை. அத்தை சுவரைப் பார்த்து இரண்டு நாள் படுத்துக்கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர்களே எழுந்து பால்சுறாப் புட்டு செய்து, என் முன்னால் கொண்டுவந்து வைத்து, "தின்னு தாயி" என்றார்கள்.

ஏழாம் மாதம் கடந்துவிட்டது மதினி. பிள்ளை உதைக்கிறது. எட்டு முடியட்டும்.

செபஸ்தியம்மாள்


பாம்பன்
2-1-1956

அக்கா!

அழுதது! பொம்பளைப் பிள்ளை. வெளியே வந்ததும் வீரிட்டு அழுதது, தெருவில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனெல்லாம் திரும்பிப் பார்த்தான். முன்பு மூன்று தடவையும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன் அக்கா. சத்தமே வராது, வந்தாலும் பூனைக்குட்டி மாதிரி வரும். இந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வெளியே வந்து, "ஏலே, எந்திரிடா, வந்து பாருடா" என்று தலையில் குட்டினாள்.

விசாரிக்க மறந்துவிட்டேன். உனக்குச் சுகம்தானே? இங்கே தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு அடைக்கவில்லை. உள்ளங்காலை மணிக்கொரு தடவை பார்க்கிறேன். பெயர் ஆரோக்கியம்.

கம்பவுண்டர் எடுத்த ரத்தம் இன்றைய வண்டியில் வருகிறது. பிள்ளையுடையது, அவளுடையது, என்னுடையது, மூன்று குழாய். ஐஸ் நான்தான் அடுக்கினேன். அதற்கு முன்னால் வீட்டிலிருந்த உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மலிகா வீட்டில் வைத்துவிட்டேன்.

சவேரி


சென்னை
6-1-1956

தம்பிக்கும், செபஸ்தியம்மாளுக்கும், அம்மாவுக்கும், என் மருமகள் ஆரோக்கியத்துக்கும்,

முத்தங்கள். பெட்டி அழகாக வந்தது. ரத்தம் கெடவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன், மறைக்காமல் வாசி. கண்ணாடிச் சில்லில் சொட்டு ரத்தநீரோடு மருந்தைக் கலந்து ஆட்டினால், நோய் இல்லாத ரத்தம் பால் மாதிரிச் சீராக நிற்கும். நோய் பட்டிருந்தால் மணல் மணலாகத் திரளும். மூன்று குழாயும் திரண்டன. பிள்ளையுடையதும்.

பதறாதே. தாயின் ரத்தத்தில் நோயோடு சண்டை போட்ட ஏதோ ஒன்று பிள்ளைக்கும் கொஞ்சம் வந்திருக்கலாம், அது தானாக வற்றிவிடும் என்கிறார் டாக்டரம்மா. நோயே பிள்ளைக்குள் இறங்கியிருந்தால் வற்றாது, ஏறும். இரண்டில் எது என்று இப்போது அவருக்கும் தெரியாது. மாதாமாதம் ரத்தம் அனுப்பு. காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அக்கா


சென்னை
11-6-1956

அன்புத் தம்பிக்கு,

உங்கள் அனைவர் சுகத்துக்கும் கர்த்தருக்குத் தோத்திரம். எனக்கு இன்றைக்கு எந்த வியாதியும் இல்லை, வந்தாலும் அண்டாது.

ஜனவரியில் பிள்ளையின் ரத்தத்தில் எட்டு மடங்கு நீர் கலந்தும் திரண்டது. பிப்ரவரியில் நாலு மடங்குக்கு மேல் திரளவில்லை. ஏப்ரலில் நீரே கலக்காமல் பார்த்தால் மட்டும் ஒன்றிரண்டு மணல். ஒவ்வொரு தடவையும் சில்லை வைக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வேன். இன்று காலை டாக்டரம்மா, "நீயே பாரு அற்புதம்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். கண்ணை வைத்தேன். ஒன்றும் இல்லை தம்பி. ஓரத்திலிருந்து ஓரம் வரை, காற்று விழுந்த அன்றைக்கு அக்காமடத்துக் கரையில் கடல் கிடக்குமே, அப்படிச் சீராக. வெறுமையைப் பார்த்து ஒருத்தி மண்டியிட்டதை இந்த அறை இன்றுதான் பார்த்திருக்கும்.

ஆரோக்கியத்துக்கு நோய் இல்லை. உங்கள் இருவருக்கும் அந்த மடங்குக் கணக்கு இறங்கி வருகிறது.

டாக்டரம்மா குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன். "தகப்பன் திருமணத்துக்கு முன் நோய்வாய்ப்பட்டவர். மனைவிக்கு நோய் அவரிடமிருந்து வந்தது. முதல் மூன்று குழந்தைகள் இறந்ததற்கு இந்நோயே காரணம். தாயின் உடலில் வேறு குறை ஏதும் இல்லை. நான்காவது குழந்தை, சிகிச்சைக்குப் பின் பிறந்தது, ஆரோக்கியமாக உள்ளது."

இந்தக் குறிப்பை வைத்துத்தான் அவர் மேலிடத்தில் பேசியிருக்கிறார். அடுத்த மாதம் ஒரு கூட்டமாகப் பாம்பனுக்கு வருகிறோம். பிள்ளை தங்காத தாய்மார், அவர்கள் புருஷன்மார் எல்லாருக்கும் சோதனை, ஊசி. மலிகாவின் தங்கச்சியை அழைத்துவரச் சொல். ஆண்கள் வர மாட்டார்கள் என்று டாக்டரம்மா கவலைப்படுகிறார். முதல் ஆளாக யார் கை நீட்டுவது என்று கேட்டார். எனக்கு ஒருத்தனைத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா அற்புதம்மாள்


பாம்பன்
17-6-1956

அன்பு மதினிக்கு, செபஸ்தியம்மாள் சொல்ல மலிகா எழுதுவது.

நாங்கள் சுகம். ஆரோக்கியம் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அத்தை அவளைக் கீழே விடுவதே இல்லை.

உங்கள் கடுதாசி வந்தபோது அவர் கடலில் இருந்தார். மலிகாவைப் பிரிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். அந்தக் குறிப்பை மட்டும் மூன்றாம் தடவையும். பிறகு மடித்துப் பழையபடி உறையில் வைத்துவிட்டேன். அவர் வந்ததும், "மதினி கடுதாசி வந்திருக்கு" என்று கொடுத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.

நின்றபடியே தனக்குள் வாசித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வா" என்றார். பின்னாலேயே போனேன். கோவிலைத் தாண்டி, கல்லறைக்குள்ளே போகாமல், மதிலை ஒட்டி வெளிப்புறமாக நடந்தார். எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகள் இரண்டும் கிடக்கிற இடம். பேர்கூட வைக்காத பிள்ளைகள். மூன்றாவது மதிலுக்கு அந்தப் பக்கம். அங்கே மண்டியிட்டு உட்கார்ந்து உறையைப் பிரித்தார். மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தார்.

மாடு ஓட்டிக்கொண்டு போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அந்தக் குறிப்பு வந்த இடத்தில், "மனைவிக்கு நோய்" என்றதும் தாளை இறக்கிவிட்டார். நான் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டேன். மூக்கைத் துடைத்துவிட்டு, அந்தக் குறிப்பை முதலில் இருந்து மறுபடி தொடங்கினார். உங்கள் கையெழுத்து வரைக்கும் வாசித்து முடித்தார்.

எனக்கு அந்தக் கடுதாசி முழுவதும் மனப்பாடம் மதினி. அவர் ஒரு வரிகூட விடவில்லை.

செபஸ்தியம்மாள்